அண்டாவில் வந்த சின்னவர்

மழை தூறினாலே எனக்கு இருப்புக் கொள்ளாது. பிரிக்பீல்ட்ஸில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறோம். எங்கள் வாசலுக்குத் தண்ணீர் வர வேண்டுமென்றால் கோலாலம்பூர் முழுவதும் கடலாகியிருக்க வேண்டும். இது எனக்கும் தெரியும். ஆனாலும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால்தான் தொண்டையில் டீ இறங்கும்.

"என்ன, மீன் ஏதும் தெரியுதா?" என்பாள் மனைவி, கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல்.

படிவம் இரண்டோடு, பதினான்கு வயதில், என் படிப்பு நின்றுவிட்டது. அப்புறம் சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்தேன், கேஸ் சிலிண்டர் ஏற்றுகிற லோரியில் கூட்டாளாகப் போனேன், கடைசியில் நானே லோரி லைசென்ஸ் எடுத்தேன். இப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிற சின்ன நிவாரணக் குழுவுக்கு லோரி ஓட்டுகிறேன். வெள்ளம், தீ, மண்சரிவு என்று வீட்டை விட்டு வெளியே வந்து நிற்கிறவர்களுக்குச் சோறு, பாய், துணி, மருந்து கொண்டு போய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. இவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளி எப்படி இந்த வேலைக்கு வந்தான் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எங்கள் குழுவை நடத்துகிற அம்மா மட்டும் கேட்டதில்லை.

"தைரியசாலிங்க எல்லாம் கயிறு எடுத்துட்டு வர மறந்துடுவாங்க. நீங்க ரெண்டு எடுத்துட்டு வருவீங்க" என்பார்.

இரண்டு இல்லை, மூன்று. அது தவிர லோரியில் டயர் டியூப், டார்ச் லைட்டுகள், பால் புட்டி, பிள்ளை பெற்றவர்களுக்கு வேண்டிய துணி, ஒரு பிஸ்கட் டின் நிறைய பழைய மூக்குக் கண்ணாடிகள். சிரிக்காதீர்கள். வெள்ளத்தில் வயதானவர்களுக்கு முதலில் தொலைவது மூக்குக் கண்ணாடிதான். கண்ணாடி இல்லாமல் மாத்திரை டப்பாவைப் படிக்க முடியாது.

நான் சொல்ல வந்தது கிள்ளானில் நடந்தது. ஆண்டுக் கடைசி மழை. விடாமல் பெய்து, ஆறு கரையைத் தாண்டி வீடமைப்புப் பகுதிக்குள் வந்துவிட்டது. சனங்களை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கொண்டு போய் வைத்திருந்தார்கள். மண்டபப் பொறுப்புக்கு ஓர் அதிகாரி. சிற்றுண்டிச் சாலையில் எங்கள் குழுவின் சமையல்.

சமையலுக்குத் தலைவி ஒரு மலாய்க்கார அக்கா. நாங்கள் எல்லோரும் அவரை 'காக்' என்றுதான் கூப்பிடுவோம், மலாயில் அக்கா. கிள்ளானில் பிறந்து தமிழர்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவர். தமிழ் பாதி பேசுவார், திட்டுவது மட்டும் முழுசாக வரும். மண்டபத்தில் மலாய்க்காரர், தமிழர், சீனர், பங்களாதேஷ் தொழிலாளிகள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதால் எங்கள் சமையல் முழுக்க ஹலால். கோழி வாங்குகிற கடையிலிருந்து கரண்டி தொங்குகிற ஆணி வரைக்கும் காக் முடிவு செய்வார். முக்கியமாக அந்தப் பெரிய அலுமினிய அண்டா. ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம், அவ்வளவு பெரியது. வீட்டு விசேஷம், கோயில் திருவிழா என்று யார் கேட்டாலும் இரவல் கிடையாது. யார் வீட்டில் என்ன வெந்தது என்று யாருக்குத் தெரியும் என்பார்.

மழை விட்ட மறுநாள் மத்தியானம் அந்த அண்டா நிறையக் கஞ்சியை என் லோரியில் ஏற்றினார்கள். தண்ணீர் தொடங்குகிற இடத்துக்குக் கொண்டு போக வேண்டும். படகில் வந்து இறங்குகிறவர்கள் மண்டபத்துக்கு வருவதற்கு முன்பே சூடாக ஒரு வாய் குடிக்கட்டும் என்பது காக் வைத்திருந்த முறை.

"அண்டா பத்திரம்" என்றார் காக்.

"பத்திரம்னா நான்தான், காக்."

"அதான் பயமா இருக்கு லா."

தண்ணீரின் ஓரத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒரு படகுக்காரர் வந்தார். கடலோரத்து மீனவர். சொந்தப் படகை லோரியில் ஏற்றி வந்து காலையிலிருந்து ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் 'அபாங்' என்றார்கள், அண்ணன் என்று அர்த்தம். கஞ்சியை நின்றுகொண்டே குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். மலாயில் அவர் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன்.

"அண்ணே, உள்ள ஒரு தமிழ் ஆன்டி. மாடியில தனியா இருக்காங்க. ரெண்டு தடவ போயிட்டேன், வர மாட்டேங்குறாங்க. சாயங்காலம் கடல் ஏறும். அப்புறம் அந்தத் தெருவுல இழுப்பு ஜாஸ்தி, என் படகு போகாது. நீங்க வந்து பேசுங்க."

கிள்ளானில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் இறங்கினால்தான் ஊர் வடியும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் அது இறங்காது, திரும்பி வீட்டுக்குள் வரும். எனக்கு நீச்சல் தெரியாது.

மிதவைச் சட்டையை மாட்டினேன். அதற்கு மேல் டயர் டியூபையும் தோளில் போட்டுக்கொண்டேன். கயிற்றை எடுத்தேன். காலி அண்டாவைப் பார்த்தேன். கரையில் விட்டுவிட்டுப் போனால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். லோரியின் பின்கதவுப் பூட்டு வேறு சரியில்லை. காக்குக்கு என்ன பதில் சொல்வது? அண்டாவையும் படகில் ஏற்றினேன். அபாங் என்னையும் டியூபையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்க போய் சமைக்கப் போறீங்களா?"

"இல்ல அபாங், இது இங்க இருந்தா எனக்கு மனசு நிக்காது."

அவர் தலையை ஆட்டிவிட்டு எஞ்சினை இழுத்தார். காரின் கூரைகள் மட்டும் வெளியே தெரிந்த தெருவில் போனோம். ஒரு வீட்டு வாசல் கதவின் மேல் மாவிலைத் தோரணம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, கதவில் பாதிக்கு மேல் தண்ணீர். நான் இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்திருந்தேன்.

ஆன்டி மாடி ஜன்னலில் நின்றிருந்தார். எழுபதை நெருங்கும் வயது, நைட்டிக்கு மேல் ஸ்வெட்டர், நெற்றியில் சுத்தமாகத் திருநீறு. பக்கத்தில், ஜன்னல் கட்டையில் முன்னங்காலை வைத்துக்கொண்டு ஒரு நாய். பழுப்பு நிறம், குட்டைக் கால், முகவாயில் நரை. வெள்ளத்துக்கு அடுத்து நான் அதிகம் பயப்படுவது நாய்க்குத்தான்.

"ஆன்டி, சாயங்காலம் தண்ணி ஏறுமாம். வாங்க, இறங்கி வந்துருங்க" என்றேன்.

"சின்னவர் வந்தா நான் வரேன் தம்பி. சின்னவர ஏத்த மாட்டேங்குறாரு அந்தப் படகுக்காரர்." நாயின் தலையில் கை வைத்துச் சொன்னார்.

"நாய மாடியில விட்டுட்டு வாங்க ஆன்டி, சோறு வச்சிட்டு. நாளைக்கே வந்து எடுத்துக்கலாம்."

ஆன்டி நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"போன வெள்ளத்துலயும் ஒருத்தர் இப்படித்தான் சொன்னாரு. நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்னு. அது இவனோட அம்மா. பின்னால சங்கிலியில கட்டியிருந்தேன். நானும் நம்பி ஏறிட்டேன். திரும்பி வந்தப்ப சங்கிலி இருந்துச்சு."

தமிழ் புரியாவிட்டாலும் அபாங் என் முகத்தைப் படித்துவிட்டார். என்னவென்று கேட்டார், சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்தார்.

"எனக்கு நாய் மேல கோபம் இல்ல அண்ணே. ஆனா ஈர நாய் இந்தப் படகுல உக்காந்தா, நான் படகு முழுக்க முறைப்படி கழுவணும். அடுத்த நடையில ஒரு மலாய்க் குடும்பம் காத்துக்கிட்டு இருக்கு, கைக்குழந்தையோட. அவங்க தொழுகை இருக்கு. கழுவ நேரம் எங்க?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை, ஆன்டி சொன்னதிலும் தப்பில்லை. நடுவில் நான், டியூபோடு. தண்ணீரைப் பார்த்தேன். ஆன்டி வீட்டுக் கேட்டில் இருந்த ஒரு பூ வேலைப்பாடு, வந்தபோது பாதி தெரிந்தது, இப்போது நுனிதான் தெரிந்தது. பயத்தில் என் மூளை வேலை செய்யாது என்று நினைப்பேன். அன்றைக்குச் செய்தது. கண் அண்டாவில் போய் நின்றது.

"அபாங், இது மிதக்கும்ல?"

அவர் அண்டாவைத் தட்டிப் பார்த்தார். அடியில் கனம் வேண்டும், இல்லாவிட்டால் குடைசாயும் என்றார். நான் மேலே பார்த்துக் கத்தினேன்.

"ஆன்டி, வீட்டுல அரிசி இருக்கா?"

"இப்ப எதுக்குத் தம்பி அரிசி? உங்களுக்குப் பசிக்குதா?"

ஒருவழியாக விளங்க வைத்தோம். நாங்கள் தலையைக் குனிய, படகு அகலமான முன்வாசலுக்குள் நுழைந்து மாடிப்படி வரைக்கும் போனது. ஆன்டி ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் ஐந்து கிலோ அரிசிப் பையும் அக்குளில் சின்னவருமாகப் படி இறங்கி வந்தார். அரிசியை அண்டாவின் அடியில் வைத்தோம். அதன் மேல் ஒரு போர்வை. சின்னவரை ஆன்டியே தூக்கி உள்ளே வைத்தார். சின்னவர் ஒரு சுற்று சுற்றி, போர்வையை மோந்து, கஞ்சி வாசம் பிடித்திருக்க வேண்டும், நாக்கைச் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆன்டி படகில் கால் வைக்கும் முன் நின்றார். "தம்பி, மண்டபத்துல இவனுக்கு இடம் இருக்குதானே? அங்க போய் வெளியில கட்டிப் போடுனு சொன்னா நான் இங்கயே இருந்துக்குறேன்."

மண்டபத்துக்குள் வளர்ப்புப் பிராணி கூடாது என்று வாசலிலேயே தாள் ஒட்டியிருந்தது எனக்குத் தெரியும். தண்ணீர் படியில் ஏறுவதும் தெரிந்தது.

"இருக்கு ஆன்டி" என்றேன்.

அபாங் எஞ்சினை நிறுத்தி, மூங்கிலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனார். பின்னால் என் கயிற்றில் அண்டா. மாடிகளில் நின்றவர்கள் கைதட்டினார்கள். "ராஜா வர்றார், ராஜா!" என்று ஒரு சீன அங்கிள் மலாயில் கத்தினார். சின்னவர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கயிற்றைப் பிடித்திருந்த ஆன்டி ஒரு தடவைகூட முன்னால் திரும்பவில்லை. எனக்கோ தண்ணீர்ப் பயம்கூடப் போய்விட்டது. 'இருக்கு ஆன்டி' என்ற ஒரு சொல்தான் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

கரைக்கு வந்து அண்டாவைத் தூக்கி லோரியில் ஏற்றினேன். அபாங் மெல்லக் கேட்டார்.

"அண்ணே, இந்த அண்டாவுல இனிமே சமைக்க மாட்டீங்கதானே?"

"இல்லயே. மண்டபத்துச் சமையல்..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹலால் சமையல். காக்கின் அண்டா. யாருக்கும் இரவல் தராத அண்டா. அதில் ஈர நாய். உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் இதற்கு மட்டும் பயப்பட மறந்துவிட்டேன். அபாங் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார், தோள் குலுங்கியது.

லோரியில் ஆன்டி என் பக்கத்தில், அவர் மடியில் சின்னவர், நான் கதவோடு ஒட்டிக்கொண்டு ஓட்டினேன். பள்ளிக்கூடம் வரும் வரை யாரிடம் முதலில் அடி வாங்குவது என்று யோசித்தேன். வாசலிலேயே காக் நின்றிருந்தார். இறங்கினவுடன் கொட்டிவிட்டேன்.

"காக், அண்டாவுல நாய் வந்துச்சு."

"எந்த அண்டாவுல?"

"நம்ம அண்டாவுல."

காக் லோரிக்குள் எட்டிப் பார்த்தார். சின்னவர் அவரைப் பார்த்தார். ஆன்டியும் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன். காக் முதலில் ஆன்டியிடம்தான் பேசினார்.

"ஆன்டி, சாப்டீங்களா?"

ஆன்டிக்கு அப்போதுதான் கண் கலங்கியது. அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்ததை எழுத முடியாது. முழுசும் தமிழ்.

அண்டாவைக் கழுவ வழி இருந்தது. மலாய்க்காரர்கள் 'சமாக்' என்பார்கள். ஈர நாய் பட்ட பொருளை மண் கரைத்த தண்ணீரில் ஒரு தடவை, நல்ல தண்ணீரில் ஆறு தடவை கழுவினால் தீர்ந்தது. அதற்கென்றே மண் கலந்த சோப்பு கடையில் விற்கும். ஆனால் கடை தண்ணீருக்குள் இருந்தது.

"மண்ணுதானே காக்? நான் அள்ளிட்டு வரேன்" என்று ஓடினேன்.

"டேய், சாக்கடைச் சேறு இல்ல, சுத்தமான மண்ணு!"

கிள்ளான் முழுக்க முழங்கால் அளவு சேறு. சுத்தமான மண் மட்டும் ஒரு பிடி கிடையாது. கடைசியில் பள்ளிக்கூடத்தின் இரண்டாவது மாடி வராந்தாவில் பிள்ளைகள் பயறு போட்டு வைத்திருந்த தொட்டிகளைக் கண்டுபிடித்தேன். முளைத்திருந்த செடியை அலுங்காமல் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றிவிட்டு மண்ணை எடுத்து வந்தேன். காக் தலைமையில் நான்தான் தேய்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் விரலை மடக்கிக்கொண்டே நின்றார். முடிந்ததும் குனிந்து உள்ளே பார்த்து, "இப்ப என் மனசவிட சுத்தம்" என்றார். சாயங்காலச் சோறு அதில்தான் வெந்தது, கொஞ்சம் தாமதமாக. முதல் தட்டைக் காக்கே எல்லோர் முன்னாலும் போட்டுச் சாப்பிட்டார். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அண்டா தீர்ந்தது. சின்னவர் தீரவில்லை. லோரியை விட்டு இறங்காமல் ஆன்டி உட்கார்ந்திருந்தார். மண்டபத்து அதிகாரி வந்தார். நல்ல மனிதர், தூங்காத கண்.

"ஆன்டி, உள்ள கைக்குழந்தைங்க இருக்கு, தொழுகுறவங்க இருக்காங்க. நாய் கூடாது. காவலாளி கொட்டகைப் பக்கம் கட்டிப் போடலாம். கூரை இருக்கு, நனையாது."

"கட்டக் கூடாது" என்றார் ஆன்டி.

"கட்டாம விட்டா ஓடிடும் ஆன்டி. யாரையாச்சும் கடிச்சா?"

"கட்டக் கூடாது சார். தம்பி இடம் இருக்குன்னு சொன்னாரு. அத நம்பித்தான் படி இறங்குனேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காக்கின் பார்வை மட்டும் தனியாகச் சுட்டது. "இடம் இருக்குன்னு சொன்னியா? எங்க?"

அந்த ஆன்டி கதவைத் திறந்து இறங்கி, தண்ணீரைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிடுவார் என்று நிச்சயமாகத் தோன்றியது. நடக்கக்கூடியவர்தான்.

"லோரியில" என்றேன். "முன் சீட்டுல. என் பக்கத்துல. சாமான் ஏத்துற பின்பக்கம் வராது. லோரிய மண்டபத்து ஜன்னலுக்கு நேரா நிறுத்துறேன். ஆன்டிக்கு ஜன்னல் ஓரமா பாய் போட்டுக் கொடுங்க. அங்கேர்ந்து பாத்தா தெரியும்."

"உனக்கு நாய்னா பயமாச்சே!" என்றார் காக்.

"ரொம்பப் பயம் காக்."

அதிகாரி யோசித்தார். மண்டபத்துக்குள் இல்லை, சமையலறையில் இல்லை, ஆள் துணையோடு இருக்கிறது. சட்டத்தில் லோரியைப் பற்றி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டபடி போனார். ஆன்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்ட மாட்டீங்களே?"

"கிட்டப் போகவே பயம் ஆன்டி, எங்க கட்டுறது?"

அப்போதுதான் அவர் சிரித்தார்.

தண்ணீர் வடிகிற வரைக்கும் சின்னவர் என்னோடு வேலைக்கு வந்தார். பாய் ஏற்றப் போனால் வந்தார். மருந்து வாங்க ஷா ஆலாம் போனால் வந்தார், காற்று வாங்கியபடி. சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்துக் கார்க்காரர்கள், "பாஸ், கூட்டாள் சம்பளம் வாங்குறாரா?" என்று கேட்டார்கள். முதலில் நான் கதவோடு ஒட்டியிருந்தேன். அப்புறம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். ஒரு தடவை சடன் பிரேக் போட்டபோது என் கை தானாகப் போய் அவரைப் பிடித்தது. இரண்டு பேருமே அதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு தடவை நான் மண்டபத்துக்குத் திரும்பும்போதும் ஜன்னலில் ஆன்டி நின்றிருப்பார். லோரி கேட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவர் கண் முன் சீட்டுக்குப் போகும். நரைத்த முகவாய் தெரிந்த பிறகுதான் கை அசைப்பார். அந்த அசைப்பு எனக்கா, சின்னவருக்கா என்று நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. கண்ணால் பார்த்தால்தான் மனசு நிற்கும் என்கிற ஆள் நான் மட்டும் இல்லை.

வீடு காய்ந்த பிறகு நான்தான் அவர்களைக் கொண்டு போய் விட்டேன். தரையெல்லாம் சேறு, சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. ஆன்டி அதையெல்லாம் பார்க்கவில்லை. நேராகக் கொல்லைப்புறம் போய், தூணில் துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த சங்கிலியைக் கழற்றி வந்து, தெருவில் குவிந்திருந்த குப்பை மேல் போட்டார். நாங்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தோம். சின்னவர் முன் சீட்டை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

"இறங்குடா, அண்ணனுக்கு வேற வேல இருக்கு" என்று ஆன்டி இழுக்க வேண்டியிருந்தது.

இப்போது என் லோரியில் கயிறு, டியூப், மூக்குக் கண்ணாடி டின் எல்லாவற்றோடும் ஒரு பெரிய நீல பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது. அதில் சோறு, துணி, பாய் எதுவும் போடக் கூடாது என்பது காக் உத்தரவு. வெள்ளத்தில் தங்கள் நாயை விட்டு வர மாட்டேன் என்கிறவர்களுக்கு அது. அபாங்கின் படகுக்குப் பின்னால் இரண்டு தடவை போய் வந்துவிட்டது, ஒரு தடவை நாய், ஒரு தடவை மூன்று பூனை.

மழை பிடித்தால் நான் இன்னும் ஜன்னலைத் திறந்து பார்க்கிறேன். அதற்குள் போன் அடித்துவிடும்.

"தம்பி, இங்க இருட்டிக்கிட்டு வருது. லோரி எங்க நிக்குது?"

"கீழதான் ஆன்டி. தொட்டி உள்ள இருக்கு. டேங்க் நிறைய எண்ணெய் போட்டாச்சு."

"முன் சீட்டு?"

"காலிதான் ஆன்டி."

"சரி, அப்ப நான் கொஞ்சம் தூங்குறேன்" என்று வைத்துவிடுவார். நானும் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து டீயைக் குடிப்பேன்.